குச்சியிலிருந்து கனிச்செடி

"மரம் எதிலிருந்து உண்டாகிறது?" என்று வகுப்பில் வினவினால், "விதையிலிருந்து" என்று மாணவர் அனைவரும் ஒருமுகமாக விடை பகர்வர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. நம் நாட்டு உழவரைக் கேட்டுப் பாருங்கள். கரும்பை அவர் விதை தூவி வளர்ப்பதில்லை. கரணையாக வெட்டி நடுகின்றார். மரவள்ளியைக் குச்சியாக நடுகின்றார். வீட்டுக் கொல்லையில் முருங்கை வேண்டுமென்றால், நல்ல காய் காய்க்கும் மரத்திலிருந்து ஒரு போத்தை வெட்டி வந்து ஊன்றுகின்றார். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணிற் புதைத்துப் பதியன் போடுகின்றார். கரணை, குச்சி, போத்து, பதியன் என்று தனித்தனிப் பெயர்கள் நம் மொழியில் வழங்குவதே, இக்கலை நமக்குப் புதியதன்று என்பதைக் காட்டும்.

இவ்வுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுத் தோட்டத்தில் சிறு கனிச்செடி ஒன்றைக் குச்சியிலிருந்து வளர்க்கும் முறையாகும். எடுத்துக்காட்டாக முசுக்கட்டைச் செடியைக் கொள்வோம். மல்பெரி என்றும், பட்டுப்பூச்சிச் செடி என்றும் மக்கள் இதனை அழைப்பர். ஓசூர், உடுமலைப்பேட்டை முதலிய பகுதிகளில் பட்டுப்புழுவுக்கு உணவாகும் இலைக்காக இதனைப் பெருவாரியாகப் பயிரிடுகின்றனர். ஆயினும் இதன் கனியும் சுவை மிக்கது. முதலிற் பச்சையாகவும், பின்பு சிவப்பாகவும், முதிர்ந்தபின் பெரும்பாலும் கருநீலமாகவும் மாறும் அக்கனியை, நமக்கு முன்னரே மைனாவும் கொண்டைக் குருவியும் கண்டுகொள்ளும். பலா, அத்தி, ஆல் ஆகியவை இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு கனியைக் கையிலெடுத்து உற்று நோக்கினால், அது சின்னஞ்சிறு மணிகள் பல திரண்ட ஒரு கொத்து என்பது விளங்கும். ஒவ்வொரு மணியும் ஒரு தனி மலரிலிருந்து தோன்றியது. பலாப்பழத்தைப் போலவே இதுவும் ஒரு கூட்டுக்கனி. பலாவைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் முசுக்கட்டைக் கனியாகும் என்று நினைவிற் கொள்ளலாம்.

விதையை ஏன் நடலாகாது?

கனியில் விதை இருக்கிறது. அதனை நட்டால் முளைக்கவும் செய்யும். அவ்வாறிருக்கக் குச்சியை வெட்டுவானேன்? இவ்வினாவுக்கு விடை கண்டால், இக்கலையின் உயிர்நிலை விளங்கிவிடும்.

விதை என்பது தாய், தந்தை ஆகிய இருவரின் பிள்ளை. முசுக்கட்டையில் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளிற் பூக்கின்றன. ஆண் பூவின் மகரந்தத்தைக் காற்று சுமந்து செல்கின்றது. ஆதலால் ஒரு விதையின் தாய் இன்னதென்று நாம் அறிவோமேயன்றித் தந்தை இன்னதென்று அறியோம். இரு பக்கத்துப் பண்புகளும் புதிய வகையில் கலந்துவிடுவதால், இனிய கனி தந்த தாயின் விதையிலிருந்து புளித்த கனி தரும் செடியும் முளைக்கலாம். கனியே தராத ஆண்செடியும் முளைக்கலாம். இன்னதென்று அறிய ஆண்டுகள் சில காத்திருக்க வேண்டும்.

குச்சியின் நிலை வேறு. அது பிள்ளையன்று, தாயின் உடலிலேயே ஒரு பகுதி. ஆகவே தாயின் பண்பு அனைத்தும் மாறாமல் அதனிடம் இருக்கும். தாய் பெண்செடியாயின் குச்சியும் பெண்செடியே. தாயின் கனி இனிதாயின் இதன் கனியும் இனிதே. அன்றியும், முதிர்ச்சி பெற்ற கிளையிலிருந்து வந்ததாகையால், விதைச்செடியினும் விரைவிற் கனி தரும். இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பெறப்படும். ஆண்செடி ஒன்றிலிருந்து நூறு குச்சிகள் வெட்டி நட்டால், நூறும் ஆண்செடிகளாகவே நிற்கும். ஒன்றிலேனும் ஒரு கனி தோன்றாது. எனவே, கனிந்து நிற்பதைக் கண்ணாற் கண்ட செடியிலிருந்து மட்டுமே குச்சி எடுத்தல் வேண்டும்.

இவ்வுண்மையின் பயனைக் காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. புளூபெரி என்னும் நீலநிறச் சிறுகனி இன்று உலகச் சந்தைகளில் விற்கப்படுகிறது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது காட்டுப்புதர்களிற் பறித்து உண்ணப்பட்ட கனியே, தோட்டப் பயிராகவில்லை. அந்நாட்டு வேளாண்மைத் துறையைச் சார்ந்த பிரெடரிக் கோவில் என்னும் தாவரவியலார், இச்செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலேயே செழிக்கும் என்று ஆராய்ந்து 1910இல் நூலொன்று வெளியிட்டார். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒயிட்ஸ்பாக் என்னும் இடத்தில் வாழ்ந்த எலிசபெத் ஒயிட் என்ற அம்மையார் அதனைப் படித்து, 1911இல் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். காட்டில் கனி பறிக்கும் மக்களிடம் துளையிட்ட அளவுகோலைக் கொடுத்து, பெருங்கனி தரும் புதர்களைத் தேடச் சொன்னார். கண்டுபிடித்தவர்களுக்கு ஊதியம் தந்ததோடு, அவர்கள் பெயரையே அப்புதர்களுக்குச் சூட்டினார். அவ்வாறு ரூப் லீக் என்பவர் கண்ட புதர் 'ரூபெல்' என்னும் பெயர் பெற்றது. இத்தகைய புதர்களைத் துண்டுகளாக்கி வேர்விடச் செய்து பெருக்கினர். சிறந்த புதர்களைத் தம்முள் கலந்து விதையிட்டுப் புதுவகைகளும் கண்டனர். 1916இல் அவர்தம் தோட்டக்கனி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. காட்டில் ஒரே ஒரு புதராக நின்ற ரூபெல், வெட்டி நடப்பட்டு நடப்பட்டு, நூறாண்டு கடந்த பின்னும் தோட்டங்களில் வாழ்கின்றது. விதையை மட்டும் நம்பியிருந்தால், அந்த ஒரு புதரின் அருமை அப்புதரோடு மறைந்திருக்கும்.

குச்சி வேர்விடுவது எவ்வாறு?

வெட்டப்பட்ட குச்சிக்கு வேர் எங்கிருந்து வருகிறது? கரும்பின் கணுவை நோக்கினால், அங்கே சிறு புள்ளிகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அவை வேரின் கருக்கள். ஈரம் கிடைத்ததும் அவை நீண்டு வேராகின்றன. வேறு பல செடிகளில் இத்தகைய கருக்கள் முன்னரே இருப்பதில்லை; வெட்டுப்பட்ட பின்னரே உண்டாகின்றன. பட்டைக்கும் உள்ளிருக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை என்னும் மெல்லிய அடுக்கு உண்டு. தண்டைப் பருக்கச் செய்வது அதுவே. வெட்டுவாயில் முதலிற் காயத்தை மூடும் திசு திரள்கின்றது. பின்பு வளர்படையை ஒட்டிய உயிரணுக்கள் சில, தம் பழைய தொழிலை விட்டு, மீண்டும் பகுக்கத் தொடங்கி வேராக உருப்பெறுகின்றன. தமக்குரிய இடமல்லாத வேறோர் இடத்தில் தோன்றுவதால் இவற்றை 'வேற்றிட வேர்கள்' என்பர்.

வேர் ஏன் கீழ் முனையில் மட்டும் தோன்றுகிறது? ஈர்ப்பு விசையால் என்று நீங்கள் எண்ணலாம். ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் ஃபோக்டிங் இதனைச் சோதித்து, 1878இல் தம் முடிபுகளை வெளியிட்டார். வில்லோ என்னும் குளிர்நாட்டு மரத்தின் குச்சிகளை ஈரக்காற்று நிறைந்த கலத்தில் சிலவற்றை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். தலைகீழாகத் தொங்கியவற்றிலும், மரத்தில் இருந்தபோது எது அடிப்பக்கமோ அப்பக்கத்திலேயே வேர் மிகுதியாகத் தோன்றிற்று. அடி எது, நுனி எது என்பதைக் குச்சி தன்னுள்ளேயே அறிந்திருக்கின்றது.

அவ்வறிவின் மறைபொருள் பின்னர் வெளிப்பட்டது. நெதர்லாந்து நாட்டு இளைஞர் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டிக் கடற்பாசிக் கூழ்க்கட்டியின்மேல் வைத்து, அந்நுனியிலிருந்து ஒரு பொருள் கட்டியினுள் இறங்குவதைக் கண்டறிந்து 1928இல் வெளியிட்டார். அதுவே ஆக்சின் எனப்படும் வளர்ச்சி ஊக்கி. இளந்தளிரிலும் மொட்டிலும் தோன்றும் ஆக்சின், நுனியிலிருந்து அடிநோக்கி இறங்கும் இயல்புடையது. குச்சியை வெட்டியதும் அதன் வழி அடைபட்டுப்போகிறது. அது வெட்டுவாயருகே தேங்கி, அங்குள்ள உயிரணுக்களை வேராகும்படி தூண்டுகின்றது. 1935இல் சிம்மர்மன், வில்காக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இண்டோல் பியூட்டிரிக் அமிலம் முதலிய செயற்கைப் பொருள்களும் இத்தொழிலைச் செய்யும் எனக் காட்டினர். நாற்றுப்பண்ணைக்காரர் குச்சியின் அடியைத் தோய்த்தெடுக்கும் வேரூக்கித் தூளில் இருப்பது பெரும்பாலும் அவ்வமிலமே. முசுக்கட்டை எளிதில் வேர்விடுவதாகையால், வீட்டுத் தோட்டத்துக்கு அத்தூள் இன்றியமையாததன்று. அளவு மிகுந்தால் ஊக்கியே வேரைத் தடுத்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

செய்முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். காரணம் அறிந்து செய்யும் செயலே கல்வியாதலால், ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் உடன் கூறுகின்றேன்.

முதலாவது, கிளையைத் தேர்தல். பசுமையான இளங்கிளையும் வேண்டா; மிக முற்றித் தடித்த கிளையும் வேண்டா. ஆறு முதல் எட்டுத் திங்கள் வளர்ந்து, பட்டை பழுப்பேறி, எழுதுகோல் பருமனுள்ள கிளையே ஏற்றது. இளங்கிளையில் உணவுச் சேமிப்புக் குறைவு. அது விரைவில் வாடி அழுகும். கிழக்கிளையின் உயிரணுக்கள் எளிதில் வேராக மாறா. வேர் வரும்வரை குச்சி உண்பது, தன்னுள் முன்னரே சேர்த்துவைத்த மாவுப்பொருளையே என்பதை எண்ணினால் இத்தேர்வின் அருமை விளங்கும்.

இரண்டாவது, வெட்டுதல். கிளையின் இளநுனியை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள துண்டுகளாக, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை, நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று அல்லது நான்கு மொட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்பக்கம் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுக. மேற்பக்கம் ஒரு மொட்டுக்குச் சற்று மேலே நேராக வெட்டுக. சாய்வான முனை மண்ணில் எளிதில் இறங்கும். எது அடி, எது நுனி என்பதற்கு அடையாளமாகவும் இருக்கும். அடையாளம் தவறிப்போனாலும் வழி உண்டு. இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு அமர்ந்திருக்கும். அதைக்கொண்டு திசையை அறியலாம். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழித்து நசுக்கும்; நசுங்கிய இடத்தில் அழுகல் நுழையும்.

மூன்றாவது, இலை களைதல். வேரில்லாத குச்சி நீரை மிகுதியாக உறிஞ்ச இயலாது. இலையோ நீரை ஓயாமல் ஆவியாக வெளியேற்றும். வரவின்றிச் செலவு மட்டும் நிகழ்ந்தால் எக்குடும்பமும் தாழும். ஆகவே இலைகளை நீக்கிவிட்டு, வெட்டிய குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே நடுதல் நன்று.

நான்காவது, நடுதல். மணல், செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து கொள்க. மக்காத சாணம் கறையானை வரவழைக்கும். அடியில் துளையிட்ட தொட்டியோ, பழைய தகர டப்பாவோ போதும். நீர் தேங்குமிடத்தில் காற்றில்லை, காற்றில்லாவிடத்தில் வேரில்லை. வெறுங்குச்சி ஒன்றால் மண்ணில் முன்னரே துளையிட்டு, அத்துளையில் துண்டை இறக்கி, மேல் மொட்டு ஒன்று மட்டும் வெளியே தெரியுமாறு நட்டு, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்துக. துளையிடாமல் குத்தினால் அடிப்பட்டை உரிந்துபோகும். மழைக்காலம் இதற்கு ஏற்றது, கடுங்கோடையைத் தவிர்க்க. தொட்டி நிழலில் இருக்கட்டும். மண் ஈரமாக இருத்தல் வேண்டுமேயன்றிச் சேறாதல் கூடாது.

துளிர் தரும் ஏமாற்றம்

இங்கே மாணவர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நட்ட இரண்டு வாரத்திற்குள் மொட்டு விரிந்து பசுந்தளிர் தோன்றும். "செடி பிடித்துவிட்டது" என்று மகிழ்ந்து, உடனே அதனை வெயிலில் வைப்பவரும் உண்டு. வேர் எவ்வளவு வந்தது என்று பிடுங்கிப் பார்ப்பவரும் உண்டு. இரண்டும் தீங்கே. அத்தளிர், குச்சியினுள் இருந்த சேமிப்பைக்கொண்டு விரிந்ததே தவிர, வேர் தந்த உணவால் வளர்ந்ததன்று. தளிர் தோன்றியது வேர் விட்டதற்குச் சான்றாகாது. சேமிப்புத் தீருமுன் வேர் வந்துவிட்டால் செடி பிழைக்கும். வாராவிடின், பசுமை காட்டிய அதே குச்சி சில நாளில் கருகிவிடும். பிடுங்கிப் பார்க்கும்போதோ, நூலினும் மெல்லிய இளவேர்கள் அறுந்துவிடும். முதல் தளிருக்குப் பின்னும் புதுப்புது இலைகள் தொடர்ந்து விரிகின்றனவா, நண்பகலிலும் அவை வாடாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. மூன்று அல்லது நான்கு திங்கள் பொறுத்திருந்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, பின்பு தரையில் நடலாம். ஓரிரு ஆண்டுகளிற் கனி காணலாம்.

உங்கள் பள்ளித் தோட்டத்தில் எளிய ஆய்வொன்று செய்து பாருங்கள். ஒரே செடியிலிருந்து முப்பது குச்சிகள் எடுத்து மூன்று பகுதியாக்குங்கள். பத்தினை முறைப்படி நடுக. பத்தினைத் தலைகீழாக நடுக. பத்தினை இலைகளைக் களையாமல் முறைப்படி நடுக. மண், நீர், நிழல் மூன்றும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வாரம் ஒரு நாள் துளிர்த்தவை எத்தனை, வாடியவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதி வருக. பத்தாம் வாரத்தில் அனைத்தையும் மெல்லத் தோண்டி எடுத்து, வேர்களை எண்ணுக. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த செய்தி அப்போது உங்கள் கைப்பொருளாகும்.

ஒரு தாயை மட்டும் நம்பலாகாது

குச்சி தாயின் நலத்தை மட்டும் கொண்டு வருவதில்லை; தாயின் நோயையும் கொண்டு வருகின்றது. நம் நாட்டு மரவள்ளித் தோட்டங்களில் இலை மஞ்சள் பூத்துச் சுருங்கும் தேமல் நோயைக் கண்டிருப்பீர்கள். அது நச்சுயிரியால் வருவது. வெள்ளை ஈ அதனைப் பரப்புகின்றது. நோயுற்ற செடியின் குச்சியும் பரப்புகின்றது. உழவர் ஒருவர் அன்போடு அடுத்தவருக்குக் கொடுக்கும் ஒரு கட்டுக் குச்சியே அடுத்த ஊர்க்கு நோயைச் சுமந்து செல்லக்கூடும். எனவே இலை சுருண்ட செடி, புள்ளி விழுந்த செடி, காரணமின்றி நலிந்த செடி ஆகியவற்றிலிருந்து, அவற்றின் கனி எவ்வளவு இனிதாயினும், குச்சி எடுத்தலாகாது.

இன்னும் பெரியதோர் இடர் உண்டு. ஒரே தாயின் குச்சிகள் எல்லாம் ஒரே உடலாகையால், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். அயர்லாந்து நாட்டு ஏழை மக்கள், கிழங்குத் துண்டுகளால் பெருக்கப்பட்ட 'லம்பர்' என்னும் ஒரே உருளைக்கிழங்கு வகையைப் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். 1845இல் வந்த கருகல் நோயை எதிர்க்கும் ஆற்றல் அவ்வகையிடம் இல்லை. வயல்கள் அழுகின. வறுமையும், ஆட்சியாளரின் இரக்கமின்மையும் உடன் சேர, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். விதைகளால் வளர்ந்த பலவகைச் செடிகள் ஒரு வயலில் இருப்பின், சில வீழ்ந்தாலும் சில எஞ்சக்கூடும். விதை நமக்குத் தரும் காப்பு அதுவே.

ஆகவே, விதை, குச்சி இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. புதியதைத் தேடித் தருவது விதை. கிடைத்த நல்லதைக் காத்துத் தருவது குச்சி. ரூபெல் புதரும் ஒரு காலத்தில் காட்டில் விழுந்த விதையிலிருந்து பிறந்ததுதானே! அதனைக் கண்டெடுக்கக் கூர்ந்த கண் வேண்டியிருந்தது. இழந்துவிடாமல் காக்க இக்கலை வேண்டியிருந்தது.

மாணவ மாணவியரே, உங்கள் தெருவிலோ பாட்டனார் வீட்டுக் கொல்லையிலோ, பழம் நன்றாயிருக்கும் என்று பலரும் புகழும் பழஞ்செடி ஏதேனும் நிற்கலாம். அது முசுக்கட்டையாயினும் சரி, திராட்சைக் கொடியாயினும் சரி, மாதுளையாயினும் சரி. இவையெல்லாம் குச்சியில் வேர்விடக்கூடியவை. சாலை அகலப்படுத்தும்போதும், பழைய வீடு இடிபடும்போதும் அத்தகைய செடிகள் ஒரே நாளில் வெட்டுண்டு போகின்றன. வெட்டியவர் அறியாமலே ஒரு நல்ல வகை அவ்வூரை விட்டு அற்றுப்போகின்றது. அந்நாள் வருமுன் உரியவரிடம் இசைவு பெற்று, நலமுள்ள கிளையில் ஐந்தாறு குச்சிகள் எடுத்து நட்டு வையுங்கள். ஒரே செடியோடு நில்லாமல் இரண்டு மூன்று தாய்ச்செடிகளிலிருந்து எடுங்கள். எந்த வீட்டுச் செடி, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். வேர்விட்டவற்றுள் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அண்டை வீட்டார்க்கும் பள்ளிக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி ஒருநாள் பட்டுப்போனாலும், கொடுத்த செடியிலிருந்து மீண்டும் ஒரு குச்சியைக் கேட்டுப் பெறலாம்.